கன்ட்ரோல் சரியாக இருக்கிறது, கிரியேட்டினின் மட்டும் ஏன் சிவப்பில் வந்தது?

கேள்வி: தேவகோட்டையில் எட்டு ஆண்டுகளாகச் சிறிய ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்துகிறேன். வெளித் தரமதிப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. இம்முறை அறிக்கையில், சிறுநீரகத் திறனைக் காட்டும் கிரியேட்டினினுக்கு இசட் ஸ்கோர் +3.2 என்று சிவப்பில் வந்திருக்கிறது. மெஷினைச் சோதிக்கத் தினமும் காலையில் ஓட்டும் கன்ட்ரோல் மாதிரி ஒருநாளும் எல்லை தாண்டியதில்லை. டெக்னீசியன் பெண் அழுதே விட்டாள். அடுத்த முறை மாதிரியை நான்கு தடவை ஓட்டிச் சராசரி எடுக்கலாம், காரைக்குடியில் தெரிந்த லேபில் கேட்டு ஒத்துப்பார்த்து அனுப்பலாம் என்கிறார் என் கணவர். என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் அந்தப் பெண்ணைத் தேற்றுங்கள். கன்ட்ரோல் தினமும் எல்லைக்குள் நிற்கிறது என்றால் அவள் கை நிதானமான கை. தவறு வேறு இடத்தில் இருக்க வாய்ப்பு அதிகம்.

வீட்டில் அரிசி அளக்கும் படி அடியில் நசுங்கியிருந்தால், தினமும் ஒரே மாதிரிதான் அளக்கும். வேறொரு படியோடு வைத்துப் பார்க்கும் நாளில்தான் குறை தெரியும். உங்கள் கன்ட்ரோலும் அப்படித்தான். அதன் எல்லையை உங்கள் மெஷின் தந்த சராசரியிலிருந்தே வகுத்திருந்தால், மெஷின் நேற்றுப் போலவே இன்றும் ஓடுகிறது என்பதை மட்டும் அது சொல்லும். உண்மையான அளவுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறோம் என்பதைச் சொல்ல இன்னொரு படி வேண்டும். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி போன்ற நிறுவனங்கள் பல கூடங்களுக்கு ஒரே மாதிரியை அனுப்பி ஒப்பிடுவது அதற்காகத்தான்.

இசட் ஸ்கோர் கணக்கு எளியது. உங்கள் விடையிலிருந்து உங்கள் குழுவின், அதாவது அதே முறையில் பார்க்கும் கூடங்களின், சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுக்க வேண்டும். நீங்கள் 1.92 என்று அனுப்பி, குழுச் சராசரி 1.60, விலக்கம் 0.10 என்றால் வருவது +3.2. இரண்டுக்குள் இருந்தால் நிம்மதி, இரண்டிலிருந்து மூன்று வரை எச்சரிக்கை, மூன்றைத் தொட்டால் காரணம் தேடியே ஆக வேண்டும்.

தேடலை மெஷினிலிருந்து தொடங்காதீர்கள், காகிதத்திலிருந்து தொடங்குங்கள். அனுப்பிய எண்ணும் மெஷின் அச்சிட்ட எண்ணும் ஒன்றுதானா? அலகு சரியா? கிரியேட்டினினை அளக்கும் முறைகளில் உங்களுடையது ஜாஃபே முறையாக இருக்க, படிவத்தில் என்சைம் முறை என்று குறித்துவிட்டீர்களா? குழு மாறினால் சராசரியும் மாறும்.

அடுத்து, அதே வயலில் (மாதிரி பொடியாக வரும் சிறு கண்ணாடிக் குப்பியில்) பார்த்த யூரியா, குளுக்கோஸ், கொலஸ்ட்ரால் எப்படி வந்திருக்கின்றன? எல்லாமே ஏறக்குறைய ஒரே விகிதத்தில் ஏறியிருந்தால், பொடியைக் கரைத்த தண்ணீர் குறைந்திருக்கிறது. 5 மில்லி ஊற்ற வேண்டிய இடத்தில் 4.5 மில்லி ஊற்றினால் அத்தனை அளவும் 11 சதவீதம் கூடும். எல்லாம் இறங்கியிருந்தால் வயலைத் திறந்த விதத்தைப் பாருங்கள். ஒரு கூடத்தில் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ரப்பர் மூடியை வெடுக்கென்று இழுத்ததும் வெள்ளைப் பொடி புகைபோல எழுந்தது, கொஞ்சம் மூடியின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டது. அதை யாரும் கவனிக்கவில்லை. தண்ணீரை அளந்தது ஊசி போடும் சிரிஞ்சால்! அந்தத் தண்ணீரும் பேட்டரிக் கடையில் வாங்கியது. அங்கே மெஷின் மீது எந்தக் குறையும் இல்லை.

கிரியேட்டினின் மட்டும் தனியாக ஏறியிருந்தால் கதை வேறு. பழைய நான்கு அறிக்கைகளையும் வரிசையாக வையுங்கள். +0.4, +1.1, +1.8, +2.3 என்று படிப்படியாக ஏறி வந்திருந்தால், சிவப்பு வருவதற்கு மூன்று மாதம் முன்பே அறிக்கை உங்களிடம் பேசத் தொடங்கிவிட்டது. மூன்றுக்குள் இருக்கிறது என்று கோப்பில் போட்டு மூடுவதுதான் நான் பார்த்தவற்றில் மிகப் பெரிய இழப்பு. இப்படி நகர்ந்தால் காலிபரேட்டரை, அதாவது மெஷினுக்கு அளவைக் கற்றுத்தரும் மதிப்பு தெரிந்த கரைசலை, சந்தேகியுங்கள். அதன் லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறியபோது புதிய மதிப்பை மெஷினில் ஏற்றினீர்களா? ஜாஃபே முறையின் விடை வெப்பத்தாலும் எளிதில் மாறும். கத்திரி வெயிலில், ஏசி இல்லாத அறையில், கியூவெட் (மாதிரியை அளக்கும் சிறு குழாய்) 37 டிகிரியில்தான் நிற்கிறதா என்று அளந்து பாருங்கள். ரத்தப் புரதங்களையும் இந்த முறை ஓரளவு கிரியேட்டினினாகக் கணக்கிட்டுவிடும். அதற்காகக் கழிக்கும் அளவு மெஷின் அமைப்பில் மாறிவிடாமல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

நான்கு தடவை ஓட்டுவதும், பக்கத்து லேபில் கேட்பதும் வேண்டவே வேண்டாம். நோயாளியின் மாதிரியை நீங்கள் நான்கு தடவை ஓட்டுவதில்லை. அதை எப்படிப் பார்ப்பீர்களோ, அந்த வாரத்தில் யார் பணியில் இருக்கிறார்களோ, அப்படியே அவர்களே பார்க்கட்டும். கெடு முடியும் முன் பிறரோடு விடையை ஒப்பிடுவது விதிமீறலும்கூட. இத்தகைய மாதிரியை வேண்டுமென்றே வேறு கூடத்துக்கு அனுப்பினால் அமெரிக்காவில் உரிமமே பறிபோகக்கூடும். விதியைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, கேட்டு எழுதிய பச்சை எண் உங்கள் நோயாளிக்கு எந்த வகையிலும் உதவாது என்பதுதான்.

60 வயது ஆச்சி ஒருவர் வருகிறார். அவருடைய உண்மையான கிரியேட்டினின் 1.0. 1.60 இருக்க வேண்டிய இடத்தில் 1.92 தந்த உங்கள் மெஷின் அதே 20 சதவீதம் கூட்டி 1.2 என்று தருகிறது. கிரியேட்டினினிலிருந்து சிறுநீரகத் திறனைக் கணிக்கும் 2021 சூத்திரப்படி அவருடைய திறன் சுமார் 64. உங்கள் தாளின்படி 52. அறுபதுக்குக் கீழே போய்விட்டது. மூன்று மாதம் கழித்து உங்களிடமே மறுபடி வந்து அதே எண்ணை வாங்கிக்கொண்டு போனால், நாள்பட்ட சிறுநீரக நோயாளி என்று அவர் கோப்பில் எழுதிவிடுவார்கள்.

ஆகவே, காரணம் கிடைத்துப் புதிய காலிபரேட்டரால் சரிசெய்த பிறகு, குளிர்பதனத்தில் மிச்ச மாதிரி இருந்து, அது கெடும் காலம் தாண்டவில்லை என்றால் அதை மறுபடி ஓட்டுங்கள். 1.60க்கு அருகில் வர வேண்டும். பிறகு, அந்த லாட் மாறிய தேதியிலிருந்து நீங்கள் கொடுத்த கிரியேட்டினின் விடைகளைப் பதிவேட்டிலிருந்து எடுங்கள். எல்லையை ஒட்டி நின்றவர்களின் மருத்துவர்களை நீங்களே தொலைபேசியில் அழைத்து, மறுபரிசோதனைக்குக் கட்டணம் வாங்க மாட்டோம் என்று சொல்லுங்கள். தயக்கமாக இருக்கும், ஆனால் உங்கள் கூடத்தின் பெயர் அதனால் கெடாது. நடந்தது அத்தனையையும் தேதியோடு எழுதி வையுங்கள். காரணம் என்ற இடத்தில் ‘கவனக்குறைவு’ என்று மட்டும் எழுதாதீர்கள், எந்தப் படியில் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

அடுத்த வயல் வந்ததும் மூடியை மெல்லத் தட்டிப் பொடியை அடியில் இறக்கி, அளவு சரிபார்த்த பிபெட்டால் தண்ணீர் விட்டு, குலுக்காமல் சுழற்றி, தாளில் சொன்ன நேரம் இருட்டில் வைத்துவிட்டு, அந்தப் பெண்ணையே ஓட்டச் சொல்லுங்கள்.