வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிலிப்பினோக்கள் சேர்ந்து, ஊருக்கும் பயன்படும் ஒரு சமூகத் தொழில் தொடங்குவது எப்படி?

முதலில், தொழிலை எந்த நாட்டில் நடத்துவது என்று முடிவு செய்ய வேண்டும். ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்யும் பிலிப்பினோப் பெண்கள், விசா நிபந்தனைப்படி ஒப்பந்த முதலாளியைத் தவிர வேறு யாரிடமும் வேலை செய்யக் கூடாது. சொந்த வியாபாரமும் கூடாது. விடுமுறை நாளில் பலகாரம் விற்றால்கூட வம்புதான். ஆகவே சேமிப்பு அங்கே, தொழில் ஊரில் என்பதே நடக்கக்கூடிய வழி.

உன்லாட் கபாயன் என்ற அமைப்பு 1990-களிலிருந்தே இந்த வழியில்தான் போகிறது. புலம்பெயர்ந்தவர்களைக் குழுவாகச் சேமிக்க வைத்து, அந்தப் பணத்தைச் சொந்த ஊர்த் தொழில்களுக்குத் திருப்பிவிடுகிறது. பிலிப்பைன்ஸின் தெற்கிலுள்ள மிண்டனாவோ தீவில் தேங்காய் நார்த் தொழிலிலும் அது இறங்கியது.

குழு சேர்ப்பது பெரிய கஷ்டமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஹாங்காங்கின் சென்ட்ரல் பகுதியில் சாட்டர் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, ஊர்க்காரர்கள் கும்பல் கும்பலாக உட்கார்ந்திருப்பார்கள். பலுவாகன் என்னும், நம் ஏலமில்லாச் சீட்டைப் போன்ற சேமிப்பு முறையும் அவர்களுக்குப் பழக்கம்தான். மாதாமாதம் தவறாமல் கட்டுகிறவர் யார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

சிக்கல் அப்புறம்தான். ஊரில் யார் நடத்துவது? அண்ணன், மச்சான் என்று ஒப்படைத்தால் கணக்குக் கேட்கவே கூச்சமாகிவிடும். என்னைக் கேட்டால், சம்பளத்துக்கு ஒரு மேலாளரை வையுங்கள். தொழிலைக் கூட்டுறவுச் சங்கமாகவும் பதியலாம்; பிலிப்பைன்ஸ் சட்டப்படி அதற்குக் குறைந்தது 15 பேர் வேண்டும். பங்கு எவ்வளவு இருந்தாலும், இப்படித் தனிநபர்கள் சேர்ந்து அமைக்கும் அடிப்படைக் கூட்டுறவில் ஆளுக்கு ஒரு ஓட்டுதான்.