பைத்தானில் பில்லிங் மென்பொருள்: டிகேஇன்டரா, பைசைடா, எலக்ட்ரானா?

வணக்கம். 4 ஜிபி நினைவகம் கொண்ட லினக்ஸ் கணினியில், தமிழ்ப் பெயர்களுடன் ஏறக்குறைய 20,000 பொருள்களைக் காட்டும் மளிகைக்கடை பில்லிங் மென்பொருளைப் பைத்தானில் எழுத, திரை இடைமுகம் அமைக்கும் கருவிகளான டிகேஇன்டர், பைசைடு, எலக்ட்ரான் ஆகிய மூன்றில் எது ஏற்றது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் தேவைக்குப் பைசைடு 6 தான் பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து.

டிகேஇன்டர் கற்க எளிது. ஆனால், லினக்ஸில் அதன் அடித்தளமான டிகே 8.6 தமிழ் எழுத்துகளை முறையாகக் கோத்து வடிவமைப்பதில்லை என்பதால், 'கொத்தமல்லி' என்று உள்ளிட்டால் ஒகரத்தின் கொம்பு ககரத்துக்கு முன்னால் போய் நிற்காமல் சிதைந்து தெரியும். கடைக்காரர் நாள் முழுதும் பார்க்கும் திரையில் இதை ஏற்கவே முடியாது. பைசைடின் அடித்தளமான க்யூட்டி, எழுத்துகளைக் கோத்து வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் நூலகத்தின் துணையோடு இதைச் சரியாகச் செய்கிறது. எலக்ட்ரான் குரோமியம் உலாவியையே உடன் சுமந்து வருவதால், அந்தக் கணினிக்குப் பாரம். அது ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் இயங்குவதால், பைத்தானையும் தனியாக இயக்க வேண்டியிருக்கும்.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே கவனியுங்கள்: பொருள் பட்டியலுக்குக் க்யூட்டியின் ஆயத்த அட்டவணையான க்யூடேபிள்விட்ஜெட் வேண்டாம். அது அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தனி ஆப்ஜெக்டை நினைவகத்தில் உருவாக்கும். தரவைத் தரும் க்யூஅப்ஸ்ட்ராக்ட்டேபிள்மாடலுடன், அட்டவணையைத் திரையில் காட்டும் க்யூடேபிள்வியூவை இணைத்தால், திரையில் தெரியும் வரிசைகளுக்கான தரவை மட்டுமே அது கேட்டு வாங்கும். பட்டியல் தடையின்றி நகரும்.

பின்னாளில் மூலநிரலை வெளியிடாமல் விற்க நேர்ந்தாலும், எல்ஜிபிஎல் என்னும் திறந்த மூல உரிமத்தின் நிபந்தனைகளைப் பின்பற்றினால் பைசைடில் அதற்கு இடமுண்டு. க்யூட்டியைப் பைத்தானில் பயன்படுத்த உதவும் மற்றொரு நூலகமான பைக்யூட்டிக்கோ அந்நிலையில் வணிக உரிமம் வாங்க வேண்டும்.