இரும்பு அச்சில் ஈயக்குண்டு சுருக்கம் விழுந்து வருவது பற்றி

அச்சை மாற்ற வேண்டாம், சூடாக்குங்கள். பாம்பனில் வலைக்கு ஈயக்குண்டு ஊற்றும்போது சுருக்கம் விழுகிறது, ஓரம் நிரம்பவில்லை, அலுமினிய அச்சு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஈயம் உருக 327 டிகிரி வேண்டும். இரும்பு மெதுவாகத்தான் சூடேறும். ஆறிக் கிடக்கும் அச்சில் பட்டதுமே ஈயம் உறைந்துவிடுகிறது.

அச்சை அடுப்போரம் வைத்துச் சூடேற்றி, இடைவெளி விடாமல் ஊற்றிப் பாருங்கள். முதலில் வருகிற குண்டுகள் மோசமாகத்தான் இருக்கும், சட்டியிலேயே திரும்பப் போடுங்கள். அப்புறம் வழவழவென்று பளபளப்பாக வந்தால் சரி. மேல்தோல் உப்புப் பூத்த மாதிரி வெளிறினால் சூடு அதிகம், கொஞ்சம் ஆறவிடுங்கள்.

அப்படியும் சுருக்கம் போகவில்லையா? துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெய் குழிக்குள் இருக்கலாம். சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி, அடுப்பில் வைத்து நன்றாகக் காயவையுங்கள்.

ஈரத்தில் மட்டும் அசட்டை கூடவே கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், ஆவியாகி ஈயத்தை முகத்தில் அடித்துவிடும். பழைய வலையில் கழற்றிய ஈயத்தை, ஈயம் உருகிக் கிடக்கும் சட்டியில் போடாதீர்கள். காயவைத்து, ஆறிய சட்டியில் போட்டு அடுப்பைப் பற்றவையுங்கள். கண்ணாடி, கையுறை போட்டுக்கொள்ளுங்கள்; காலில் செருப்பல்ல, ஷூ.

பேட்டரி ஈயம் வேண்டவே வேண்டாம். அமிலமும் விஷப்புகையும் வரும். வெட்டவெளியில், புகை உங்கள் மேல் வராத பக்கம் நின்று ஊற்றுங்கள். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் கிட்டே வரக்கூடாது. அந்தச் சட்டி மறுபடி சமையலுக்குப் போகக்கூடாது.