தொட்டால் லாக் ஆகிவிடாது: போன் கேமராவின் ஃபோகஸ், எக்ஸ்போஷர் கேள்வி-பதில்

முகத்தைத் தொட்டுத்தான் ஃபோகஸ் வைக்கிறேன். போனைக் கொஞ்சம் திருப்பியதும் மாறிவிடுகிறதே?

தொடுவது வேறு, லாக் செய்வது வேறு. லாக் என்றால் ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் (படத்தில் பதியும் வெளிச்ச அளவு) மாறாமல் நிறுத்தி வைப்பது. விரலை எடுக்காமல் ஓரிரு நொடி அழுத்திப் பிடியுங்கள். ஐபோனில் மஞ்சள் பட்டையில் லாக் என்று வரும். பல ஆண்ட்ராய்டு போன்களில் பூட்டுச் சின்னம் தெரியும். அதைக் கண்ணால் பார்த்த பிறகு திருப்புங்கள்.

லாக் செய்தும் படம் மங்கல். ஏன்?

எந்த போன், எவ்வளவு தூரம், என்ன வெளிச்சம், ஒன்றுமே எழுதவில்லை. ஊகித்துத்தான் சொல்ல முடியும். ஃபோகஸில் லாக் பிடித்து வைப்பது தூரத்தை, பொருளை அல்ல. 30 செ.மீ. தூரத்துப் பூவை லாக் செய்துவிட்டு 5 செ.மீ. முன்னால் சாய்ந்தாலே மங்கிவிடும். நான்கைந்து மீட்டர் தள்ளி நிற்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு. லென்ஸைத் துடைத்தீர்களா? முதலில் அதைச் செய்யுங்கள்.

மேடையில் ஆடுபவரின் முகம் வெள்ளையாக வெளிறிவிடுகிறது. சரிசெய்ய ஏதாவது ஆப் உண்டா?

இல்லை. இதே கேள்வி நிகழ்ச்சி முடிந்த பிறகே வருகிறது என்பதுதான் என் ஆதங்கம். வெளிறிய இடத்தில் விவரமே பதிவாகவில்லை. பதிவாகாததை எந்த ஆப்பும் மீட்காது. இருண்ட இடத்தையாவது, புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும், பிறகு ஓரளவு வெளிச்சமாக்கிவிடலாம்.

கேமரா மொத்தக் காட்சியையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். பின்திரை கறுப்பு, ஆள் சின்னது என்றால் கறுப்பைத் தூக்கப் போய் முகத்தை எரித்துவிடும். ஆகவே ரெக்கார்ட் பட்டனை அழுத்தும் முன்பே முகத்தின் மேல் லாக் செய்து, சூரியச் சின்னத்தையோ ஸ்லைடரையோ கீழே இழுங்கள். நெற்றியின் பளபளப்பு அடங்கி, வெள்ளைத் துணியின் மடிப்பு தெரியும்வரை இழுக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்குவது, போதும். பின்திரை கறுத்தால் கறுக்கட்டும். சிவப்பு, நீல விளக்கு என்றால் இன்னும் கொஞ்சம் குறையுங்கள். ஒரே நிறம் நிரம்பி வழிந்தால், பார்க்க இருட்டாக இருந்தாலும் முகத்தின் விவரம் போய்விடும். விளக்கமைப்பு அடியோடு மாறினால் மறுபடி லாக் செய்யத்தான் வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், வெறுமனே தொட்டுவிட்டு லாக் ஆகிவிட்டதென்று நினைக்காதீர்கள்.

லாக் இருந்தும் வீடியோ நடுவில் மஞ்சளாகிறது.

அது ஒயிட் பேலன்ஸ், அதாவது விளக்கின் நிறத்துக்கேற்ப வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி கேமரா நிறத்தைச் சரிசெய்வது. பல போன்களில் இந்த லாக்குக்குள் அது அடங்காது. ப்ரோ மோடில் (அமைப்புகளை நாமே மாற்றும் முறை) கெல்வினை, அதாவது ஒளி நிறத்தின் அளவை, நீங்களே வையுங்கள்: வெயிலுக்கு 5500, மஞ்சள் பல்புக்கு 3000 அளவில்.

ஜூம் செய்ததும் லாக் போய்விடுகிறது.

லென்ஸ் மாறுகிறது. முதலில் ஜூம், பிறகு லாக்.

செல்ஃபியில் ஃபோகஸ் லாக் செய்யவே முடியவில்லை.

பல போன்களின் முன் கேமரா ஃபிக்ஸட் ஃபோகஸ், அதாவது ஃபோகஸ் தூரத்தை மாற்ற முடியாதது. அங்கே எக்ஸ்போஷர் மட்டும்தான் உங்கள் கையில். முன் லென்ஸிலும் விரல்ரேகை படியும், துடையுங்கள்.

லாக்கை எடுப்பது எப்படி?

திரையில் வேறு இடத்தில் ஒருமுறை தொடுங்கள். அறைக்குள் லாக் செய்த கையோடு வெயிலுக்குப் போய் எடுத்தால் படம் வெளிறத்தான் செய்யும்.