சிறையில் நாட்டுச் செடி வளர்ப்பதும் சூழலியல் வகுப்பு எடுப்பதும் வெறும் பொழுதுபோக்குதானா?

இல்லை, வேலை நிஜமானது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பூக்கடை அலங்காரத்துக்காகக் காட்டுப் பாசியை வழித்தெடுத்துவிடுகிறார்கள். அது மறுபடி வளரப் பல ஆண்டுகள் பிடிக்கும். இந்திய வம்சாவளி சூழலியலாளர் நளினி நட்கர்னி, காட்டிலிருந்து எடுக்காமல் வளர்த்தெடுக்க எந்தப் பாசி சீக்கிரம் தழைக்கும் என்று பார்க்க சீடர் கிரீக் சிறைக் கைதிகளை நாடினார். பாசிக்குக் கூர்மையான கருவி வேண்டாமே, காவலர்களுக்கும் நிம்மதி!

எவர்கிரீன் ஸ்டேட் கல்லூரியும் சிறைத்துறையும் சேர்ந்து நடத்தும் திட்டமாக அது வளர்ந்தது. ஸ்டாஃபோர்ட் கிரீக் சிறையில் அழிந்துவரும் புல்வெளிகளுக்கான நாற்றுகள் வளர்கின்றன. குறுகலான பிளாஸ்டிக் குழாய்களில் பொடி விதைகளை விரல்நுனியால் இடவேண்டும். சில விதைகள் ஈரக் குளிரில் கிடந்தால்தான் முளைக்கும். மிஷன் கிரீக் பெண்கள் சிறையில் 2011 முதல் டெய்லர்ஸ் செக்கர்ஸ்பாட் என்ற அரிய வண்ணத்துப்பூச்சியை வளர்த்தார்கள். புழுவுக்கு இலை கொடுப்பது, தினமும் குறிப்பெழுதுவது எல்லாம் கைதிகள்தான். ஏன் முட்டை இடவில்லை என்ற கேள்வி எழும்போது பாடம் தானாக வந்துவிடும். கரும்பலகையில் உணவுச்சங்கிலி வரைவதைவிட இது மேல்.

கூலி சொற்பம் என்ற குறை நியாயமானதே. அதனால் யாரையும் கட்டாயப்படுத்தாமல், விரும்பி வருபவர்களை மட்டும் சேர்ப்பதும், முடிந்த இடத்தில் பட்டப்படிப்பில் கணக்கில் சேரும் கல்லூரி கிரெடிட் தருவதும் அவசியம்.