பங்காளிச் சண்டைக்குள் தலையை விடாதீர்கள், தம்பி

தம்பி, எச்-1பி விசாவில் நியூ ஹாம்ப்ஷயருக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு மேசையில் ஒரே கட்சிக்காரர்கள், அதிபர் வேட்பாளராக யாரை நிறுத்துவது என்று தினமும் மோதிக்கொள்கிறார்கள், உங்களையும் கருத்துக் கேட்கிறார்கள், சொல்லலாமா என்கிறீர்கள். கூடவே குளிருக்கு எந்தக் கோட்டு, வாடகை எவ்வளவு, இட்லி அரிசி எங்கே என்று வரிசையாகக் கேள்விகள். அரிசிக்கு பாஸ்டன் பக்கம் போகிறவர் யாரையாவது பிடித்துக்கொள்ளுங்கள். வாடகை எனக்குத் தெரியாது, நான் இருப்பது அயோவாவில். முதல் கேள்விக்குத்தான் பட்டவன் என்ற முறையில் பதில் வைத்திருக்கிறேன்.

நான் வந்திறங்கியது 2007 நவம்பரில், அயோவாவின் தலைநகரில். எழுத்துக் கூட்டி ‘டெஸ் மாய்ன்ஸ்’ என்று சொன்னதற்கு டாக்ஸிக்காரர் சிரித்தார். ‘டிமாய்ன்’ என்று சொல்ல வேண்டுமாம். அலுவலகத்தில் அடுத்த இருக்கையில் அறுபதைக் கடந்த ஓர் அம்மாள். எனக்குக் கார் இல்லை என்று தெரிந்த நாளிலிருந்து காலை ஏழேகாலுக்கு என் குடியிருப்பு வாசலில் அவர் வண்டி நிற்கும். சென்னையில் வாங்கிய ஜாக்கெட்டில் நான் நடுங்குவதைப் பார்த்துவிட்டு, காலமான தன் கணவரின் கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். பெற்ற தாய்கூட அந்த ஊரில் அவ்வளவு செய்திருக்க முடியாது.

2008 ஜனவரி 3, வியாழக்கிழமை இரவு, என்னை ஒரு பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்து அரங்குக்கு அழைத்துப் போனார். ஜனநாயகக் கட்சியின் காக்கஸ், அதாவது கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்று ஊர்க்காரர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் கூட்டம். உங்கள் நியூ ஹாம்ப்ஷயரில் வாக்குச்சாவடிக்குப் போய் ரகசியமாக ஓட்டுப் போட்டுவிட்டு வருவார்கள். இங்கே அப்போது அப்படி இல்லை. ஒபாமா ஆட்கள் ஒரு மூலை, ஹிலாரி ஆட்கள் ஒரு மூலை, எட்வர்ட்ஸ் ஆட்கள் ஒரு மூலை என்று அண்டை வீட்டார் எல்லோரும் பார்க்கப் போய் நிற்க வேண்டும். தலை எண்ணுவார்கள். 15 சதவீதம் தேறாத அணி கலைந்து வேறு அணிக்குப் போகலாம். கலைகிறவர்களை இழுக்க மற்றவர்கள் தட்டில் பிஸ்கட்டோடு வருவார்கள். எங்கள் அரங்கில் பைடன் அணியில் ஒன்பது பேர் அனாதையாக நின்றார்கள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தப் பைடன் பிறகு என்னவானார் என்பது உங்களுக்குத் தெரியும். அரசியலைப் பற்றி என் கணிப்பின் யோக்கியதை அவ்வளவுதான்.

ஆனால் உள்ளே நுழையும் முன் நடந்ததைக் கவனமாகப் படியுங்கள். வாசல் மேசையில் இருந்த ஒரு தாத்தா, புன்னகையோடு ஒரு படிவத்தையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். வாக்காளராகப் பதிவு செய்யும் படிவம். ஊர்ப் பழக்கத்தில், நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட நான் குனிந்துவிட்டேன். ‘நீங்கள் அமெரிக்கக் குடிமகனா?’ என்ற கட்டத்துக்கு மேல் பேனா நின்றபோது, அம்மாள் என் கையைப் பிடித்து, “இவர் வேடிக்கை பார்க்க வந்தவர்” என்றார். சுவரோரம் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். அன்று அந்தக் கட்டத்தில் குறியிட்டிருந்தால் நான் இன்று இங்கே இருந்திருக்க மாட்டேன். குடிமகன் என்று பொய்யாகச் சொல்வது விசாவோடு போகாது, நாட்டைவிட்டே அனுப்பும் குற்றம். தெரியாமல் செய்தேன் என்று அழுதாலும் எடுபடுவது கடினம். பல மாநிலங்களில் ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகும் இடத்திலேயே இந்தக் கேள்வி வரும். அவசரத்தில் ‘ஆம்’ என்று போட்டுவிட்டு வக்கீலிடம் ஓடியவர்களை எனக்குத் தெரியும்.

பணமும் அப்படித்தான். கிரீன் கார்டு வரும்வரை எந்த வேட்பாளருக்கும் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. அவர்கள் விற்கும் பனியன் தொப்பி வாங்கினாலும் அது நன்கொடைக் கணக்கில்தான் சேரும். சம்பளம் வாங்காமல் ஓய்வு நேரத்தில் உதவிக்குப் போகச் சட்டம் இடம் கொடுக்கிறது. நான் இடம் கொடுக்க மாட்டேன்.

இன்னொன்று. பேச்சுரிமை, பேச்சுரிமை என்பார்கள். அந்த உரிமை அரசாங்கத்திடம்தான் செல்லுபடியாகும். தனியார் முதலாளியிடம் அதைக் காட்டி வேலையைக் காப்பாற்ற முடியாது. விசாவே அந்த வேலையில்தான் தொங்குகிறது.

சரி, என் கதை. அயோவாவில் ஒபாமா 37.6 சதவீதத்தோடு ஜெயித்தார். ஹிலாரிக்கு மூன்றாம் இடம். அந்த இரவு எனக்கும் பித்துப் பிடித்தது. இராக் போருக்கு 2002-இல் ஹிலாரி ஆதரவாக ஓட்டுப் போட்டவர், ஒபாமா அப்போதே எதிர்த்துப் பேசியவர் என்று மேசையில் நானும் எடுத்துவிட ஆரம்பித்தேன். அம்மாள் ஹிலாரி பக்கம். பொறுமையாகப் பதில் சொல்வார். எல்லோரும் மருத்துவக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்கிறது ஹிலாரியின் திட்டம், ஒபாமாவோ குழந்தைகளுக்கு மட்டும் கட்டாயம் என்கிறார், அது ஓட்டைப் பாத்திரம் என்பார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. 2010-இல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தில் எல்லோருக்குமான அந்தக் கட்டாயம் இருந்தது. யாரிடம் போய்ச் சொல்ல?

பிப்ரவரி 5, ஒரே நாளில் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஓட்டுப் போட்ட நாள். மறுநாள் மேசையில் பேச்சு சூடானது. “கணவர் அதிபராக இருந்திராவிட்டால் இவரை யாருக்குத் தெரியும்?” என்று கேட்டுவிட்டேன். ஊரில் டீக்கடையில் இதைவிடக் காட்டமாகப் பேசிவிட்டு ஒரே தட்டில் பஜ்ஜி தின்போம். அம்மாள் கரண்டியை வைத்துவிட்டார். தன் தாயார் பிறந்த காலத்தில் நாடு முழுவதும் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்திருக்கவில்லை என்றார். 1920-இல்தான் வந்தது. வேறொன்றும் சொல்லவில்லை. மாலையில் காரிலிருந்து நான் இறங்கும்போது, நாளையிலிருந்து தனக்கு நேரம் சரிப்படாது என்றார், புன்னகை மாறாமல். ஐந்து வாரம் உறைபனியில் பஸ்ஸுக்கு நின்றேன்.

ஒரே கட்சிக்குள் நடக்கும் போட்டிதான் இரண்டு கட்சிச் சண்டையைவிட மோசம். கொள்கையில் பெரிய வித்தியாசம் இல்லாததால் ஆளைத்தான் பிடித்து உலுக்க வேண்டியிருக்கிறது. பங்காளிகள் வரப்புக்கு அடித்துக்கொள்வார்கள், கல்யாணத்தில் பந்தியில் சேர்ந்து உட்காருவார்கள். நடுவில் கம்பை எடுத்துக் கொடுத்தவனைத்தான் இருவரும் மறக்க மாட்டார்கள்.

நம்மவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபப்படுவார்கள், படட்டும். 2019-இல் துளசேந்திரபுரத்துப் பேத்தி என்று கமலா ஹாரிஸுக்குக் கொடி பிடித்தவர்கள், முதல் ஓட்டு விழுவதற்கு முன்பே அந்த டிசம்பரில் அவர் விலகியதும் வாடிப்போனார்கள். அவர்களில் சிலர் 2023-இல், குடியரசுக் கட்சியில் போட்டியிட்ட விவேக் ராமசாமி தமிழ் பேசுகிறார் என்று அந்தப் பக்கம் போனார்கள். இருவர் பேசும் அரசியலும் கிழக்கும் மேற்கும். விவேக் 2024 ஜனவரியில் அயோவாவில் நான்காவதாக வந்து அன்றிரவே விலகினார். இன்னொரு கூட்டம், எந்த வேட்பாளர் வந்தால் கிரீன் கார்டு வரிசை நகரும் என்று கோயில் பிரசாத வரிசையில் வாதாடும். ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பை மாற்ற வேண்டியது நாடாளுமன்றம். இத்தனை வருடமாகப் பார்க்கிறேன், அது அங்கேயேதான் இருக்கிறது. எனக்கே குடிமகனாகி, 2020 பிப்ரவரியில்தான் காக்கஸில் போய் நிற்கும் உரிமை கிடைத்தது. அந்த வருடம் பார்த்து முடிவை அனுப்பும் செயலி படுத்துவிட்டது. மென்பொருள்காரன் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது.

அதனால் மேசையில் கேள்வி கேளுங்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள். ‘உங்களுக்கு அவரை ஏன் பிடிக்கிறது?’ என்று கேட்டால் அரை மணி நேரம் அவர்களே பேசுவார்கள். உங்கள் சாப்பாடும் ஆறாது.

என் 2008 கதைக்கு வருகிறேன். ஜூன் 7 அன்று ஹிலாரி போட்டியிலிருந்து விலகினார். ஆகஸ்டில் டென்வர் மாநாட்டில், ஒபாமாவை ஒரே குரலில் வேட்பாளராக அறிவிப்போம் என்று முன்மொழிந்தவரே அவர்தான். அடுத்த வாரம் அம்மாள் வீட்டுப் புல்வெளியில் ஒபாமா பலகை நின்றது. எனக்கு மட்டும் ‘காலை வணக்க’த்துக்கு மேல் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அவர் ஓய்வுபெற்ற அன்று கோட்டைத் துவைத்து எடுத்துப் போனேன். வாங்கிக்கொள்ளவில்லை, நீயே வைத்துக்கொள் என்றார். இன்னும் தொங்குகிறது, தோள் எனக்கு இரண்டு விரற்கடை பெரிது.

கோட்டு கேட்டிருந்தீர்களே, முழங்காலுக்குக் கீழே இறங்குவதாக வாங்குங்கள். பஸ் நிறுத்தத்தில் காற்று அங்கேதான் முதலில் பிடிக்கும்.