வாசகர் கேள்வி: சென்னையின் கலைக்கூடங்களில் எதைப் பார்ப்பது?

கேள்வி: கோடை விடுமுறையில் பத்து வயது மகளுடன் சென்னைக்கு வருகிறேன். கலைக்கூடங்களுக்கென ஒரே ஒரு பகல்தான் ஒதுக்க முடியும். சிற்பக்கலை பற்றி எங்கள் இருவருக்கும் எதுவும் தெரியாது. எங்கே போகலாம்?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள், வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். 1851இல் தொடங்கப்பட்ட அந்த அருங்காட்சியகத்தின் வளாகம் மிகப் பெரியது. முழுவதையும் ஒரே நாளில் பார்க்க முயன்றால் மாலையில் கால்வலிதான் மிஞ்சும். ஆகவே, காலையிலேயே நேராகச் செப்புத்திருமேனிக் கூடத்துக்கு, அதாவது உலோகத்தில் வார்த்த தெய்வ உருவங்கள் உள்ள கூடத்துக்குப் போய்விடுங்கள்.

கோயிலில் உற்சவ மூர்த்தியைப் பட்டும் மாலையும் மூடியிருக்க, திருமுகத்தை மட்டுமே நாம் கண்டிருப்போம். சிற்பி வடித்த இடையின் வளைவையும் தோளின் திரட்சியையும் முழுமையாகக் காண இத்தகைய கூடத்தில்தான் வாய்க்கிறது. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் களிமண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி வழிந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறியபின் அச்சை உடைத்து எடுத்தவை இவை. அச்சு உடைந்துவிடுவதால் அதே அச்சில் இன்னொன்றை வார்க்க வழியில்லை என்பதை மகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

திருவெண்காட்டில் மண்ணுக்கடியில் கிடைத்த அர்த்தநாரீசுவரர் முன் கால் மணி நேரமாவது நில்லுங்கள். பெயர்ப்பலகையைப் படிக்குமுன் கைகளை எண்ணச் சொல்லுங்கள்: வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று, ஆக மூன்றே. வலக்கைகளில் ஒன்று எதன்மீதோ ஊன்றியதுபோல் மடங்கியிருக்கும். அங்கே இருக்க வேண்டிய காளை இப்போது இல்லை. இதைக் குழந்தை தானே கண்டுபிடிக்க விட்டுவிடுவதே நல்லது. மற்றத் திருமேனிகளின் பீடங்களில் துளைகளையோ வளையங்களையோ தேடச் சொல்லுங்கள். வீதியுலாவின்போது தண்டு செருகித் தூக்குவதற்காக அமைத்தவை அவை.

நேரமிருந்தால், ஆந்திரத்தின் அமராவதியில் இருந்த பௌத்தத் தூபியின் சிற்பங்களையும் பாருங்கள். பளிங்கு எனப் பலர் கருதும் அவை உண்மையில் சுண்ணாம்புக்கல். அதே தூபியின் மற்றொரு பகுதிச் சிற்பங்கள் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளன.

கேள்வி: சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போனேன். பல ஓவியங்கள் எனக்குப் புரியவே இல்லை. குறை என்னிடமா?
– ஒரு வாசகர், வேலூர்

பதில்: இல்லை. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரின் முயற்சியால் ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் உருவான கிராமம் அது. மெழுகு பூசிச் சாயமேற்றிய பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்ற பணமும் அதற்குக் கைகொடுத்தது. பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்களில் சாதகக் கட்டம்போன்ற கோடுகளும் ஏட்டெழுத்துபோன்ற கீற்றுகளும் நிறைந்திருக்கும். படித்துப் பொருள் கொள்ளும்படி அவர் அவற்றை எழுதவில்லை. வாசலில் போட்ட கோலத்துக்குப் பொருள் கேட்காமல் அதன் இழை எங்கே வளைந்து எங்கே கூடுகிறது என்று பார்க்கிறோம் அல்லவா, அதே கண்ணோடு அவற்றின் முன்னும் நில்லுங்கள். அடுத்த முறை செல்லும்போது உள்ளே நுழையுமுன் தோட்டத்துக் கற்சிற்பங்களை ஒருமுறை சுற்றி வாருங்கள். உருவத்தைத் தேடாமல் வடிவத்தைப் பார்க்கக் கண் அங்கேயே பழகத் தொடங்கும்.